இளவரசர் பாவ்லே: போருக்கு நடுவே ஒரு காபந்து மன்னர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1934 முதல் 1941 வரை யூகோஸ்லாவியாவின் ரீஜென்டாக இருந்தவர் இவர். ஆங்கிலப் புத்தகங்களில் இவர் பெயர் 'பிரின்ஸ் பால்'. தமிழில் அப்படியே எழுதினால் காலையில் வாசலுக்கு வரும் பாலோடு குழம்பிவிடும். அதனால் செர்பியர்கள் சொல்வது போல 'பாவ்லே' என்றே எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போர் வரலாற்றில் இவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டே வரி: நாஜிகளோடு ஒப்பந்தம் போட்டார், இரண்டு நாளில் ராணுவம் அவரைத் தூக்கி எறிந்தது. அந்த இரண்டு வரிக்குள் அடங்காத ஆள் என்பதால்தான் இந்தப் பக்கம்.

ரீஜென்ட் என்றால் யார்? அவரும் அரசர்தானே?

இல்லை. பட்டத்துக்கு உரியவர் சின்னப் பையனாக இருந்தால், அவர் பெயரில் ஆட்சி நடத்துபவர் ரீஜென்ட். தேர்தல் முடியும்வரை இருக்கும் அரசைக் 'காபந்து அரசு' என்று நம் பத்திரிகைகள் எழுதுவார்களே, அந்தக் கணக்கில் இவர் காபந்து மன்னர். அதிகாரம் கையில் இருக்கும், கிரீடம் இருக்காது. குறிப்பிட்ட ஒரு நாளில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

பாவ்லேவுக்கு அந்த நாள் 1941 செப்டம்பர் 6. இளம் மன்னர் இரண்டாம் பீட்டருக்கு அன்றுதான் 18 வயது நிறையும். இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டால் இவர் செய்ததும் செய்யாததும் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

அவர் எப்படிப்பட்ட மனிதர்?

1893இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். தந்தை ஆர்சென், செர்பியாவின் கராஜோர்ஜெவிச் குடும்பம். தாய், ரஷ்யாவின் பெரும் செல்வக் குடும்பமான தெமிதோவ்களின் பெண். அவர்கள் சீக்கிரமே பிரிந்துவிட, குழந்தை பெரியப்பா வீட்டில் வளர்ந்தது. அந்தப் பெரியப்பாதான் பின்னால் செர்பியாவின் மன்னரான முதலாம் பீட்டர். அவர் அரியணை ஏறிய விதத்தையும் சொல்ல வேண்டும். 1903இல் ஒரு ராத்திரி ராணுவ அதிகாரிகள் பெல்கிரேடு அரண்மனைக்குள் புகுந்து அப்போதைய மன்னரையும் ராணியையும் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் இவருக்கு அழைப்பு வந்தது. பாவ்லேவுக்கு அப்போது பத்து வயது. ராணுவ அதிகாரிகள் ராத்திரியில் என்ன செய்வார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் யாரும் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல.

பிறகு ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு. ஆங்கிலேய நண்பர்கள், ஆங்கிலேய பழக்கவழக்கம், ஓவியம் சேகரிக்கும் பைத்தியம். 1923இல் கிரேக்க இளவரசி ஓல்காவை மணந்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் யார் தெரியுமா? பின்னால் பிரிட்டனின் மன்னராகப் போகும் ஆறாம் ஜார்ஜ். ஓல்காவின் தங்கை மரீனா, அதே ஜார்ஜின் தம்பியான கென்ட் கோமகனைக் கட்டிக்கொண்டார். ஆக, லண்டன் அரண்மனை இவருக்குச் சம்பந்தி வீடு மாதிரி.

அரசியல்? அதில் அவருக்கு நாட்டமே இருந்ததில்லை.

பிறகு ஏன் பொறுப்புக்கு வந்தார்?

1934 அக்டோபர் 9. யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாந்தர் (பாவ்லேவின் பெரியப்பா மகன்) பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, திறந்த காரில் ஊர்வலமாகப் போகிறார். கூட்டத்திலிருந்து ஒருவன் காரின் படிக்கட்டில் தாவி ஏறிச் சுடுகிறான். சுட்டவன் மாசிடோனியப் புரட்சி அமைப்பைச் சேர்ந்த ஒரு பல்கேரியன். பின்னால் இருந்து உதவியவர்கள் குரோவேஷியத் தீவிரவாதிகளான உஸ்தாஷாக்கள். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பார்த்தூவும் அதில் இறந்தார். படப்பிடிப்புக் கருவிகள் ஓடிக்கொண்டிருந்ததால் இந்தப் படுகொலைக் காட்சிகள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன.

மகன் பீட்டருக்கு வயது 11. மன்னரின் உயிலில் மூன்று ரீஜென்ட்களின் பெயர் இருந்தது. பாவ்லே, மருத்துவரும் அமைச்சராக இருந்தவருமான ராதென்கோ ஸ்தான்கோவிச், சாவா மாகாண ஆளுநர் இவோ பெரோவிச். மூவர் என்று பெயர்தான், முடிவெடுத்தது பாவ்லே.

அவர் ஏற்றுக்கொண்ட நாடு எந்த நிலையில் இருந்தது?

முதல் உலகப் போர் முடிந்து 1918இல் ஒட்டவைத்த நாடு அது. செர்பியர்கள் ஒரு பக்கம், குரோவேஷியர்கள் ஒரு பக்கம், ஸ்லோவேனியர்கள், போஸ்னிய முஸ்லிம்கள், மாசிடோனியர்கள் என்று பலரும் உள்ளே. 1928இல் குரோவேஷிய விவசாயிகள் கட்சித் தலைவர் ஸ்த்யெபான் ராதிச்சை நாடாளுமன்றத்துக்குள்ளேயே ஒரு உறுப்பினர் சுட்டார்; சில வாரங்களில் ராதிச் இறந்துபோனார். அடுத்த ஆண்டு மன்னர் அலெக்சாந்தர் நாடாளுமன்றத்தைக் கலைத்து எல்லா அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொண்டார். அந்தச் சர்வாதிகாரத்தின் சாவிதான் பாவ்லேவிடம் வந்து சேர்ந்தது.

அவருடைய பிடிவாதம் ஒன்று இங்கே முக்கியம். அரசியல் சட்டம் மன்னருடைய சொத்து, பையன் வயதுக்கு வரும்வரை அதில் கைவைக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தார். நேர்மையான நினைப்புதான். ஆனால் நாட்டை மாற்றி அமைக்க வேண்டிய நேரத்தில் ஏழு வருடம் இதுவே முட்டுக்கட்டையாக நின்றது.

முதலில் மிலான் ஸ்தோயாதினோவிச் என்ற கெட்டிக்காரப் பிரதமரை வைத்துக்கொண்டார். அவர் இத்தாலி, ஜெர்மனிப் பக்கம் சாய்ந்து, தலைவர் வேஷம் போட ஆரம்பித்ததும் 1939 பிப்ரவரியில் கழற்றிவிட்டார். அடுத்து வந்த த்ராகிஷா ஸ்வெத்கோவிச் மூலம் குரோவேஷியத் தலைவர் விளாத்கோ மாச்செக்கோடு பேசி, 1939 ஆகஸ்ட் 26இல் உடன்பாடு கண்டார். குரோவேஷியாவுக்குத் தன்னாட்சி. பாவ்லே செய்த பெரிய காரியம் என்று நான் சொல்வது இதைத்தான். ஆனால் பாருங்கள், ஆறே நாளில் ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்துவிட்டார். உடன்பாடு வேர்விட நேரம் கிடைக்கவில்லை. செர்பியர்களில் பலர் 'நம்மை விற்றுவிட்டார்' என்று கொதித்தது மட்டும் மிஞ்சியது.

ஆங்கிலேயரின் நண்பர் என்றால் போர் தொடங்கியதும் பிரிட்டன் பக்கம் சேர்ந்திருக்கலாமே?

எதை வைத்துச் சண்டை போடுவது? யூகோஸ்லாவிய ராணுவத்தின் ஆயுதங்களில் கணிசமான பங்கு செக் நாட்டின் ஸ்கோடா ஆலையிலிருந்து வந்தவை. 1939 மார்ச்சில் அந்த ஆலை ஜெர்மனி கைக்குப் போயிற்று. உதிரிபாகம் வேண்டுமென்றால் பெர்லினைத்தான் கேட்க வேண்டும். நாட்டின் ஏற்றுமதிக்குப் பெரிய வாடிக்கையாளரும் ஜெர்மனிதான். ஆபத்து வந்தால் கைகொடுக்கும் என்று நம்பியிருந்த பிரான்ஸ் 1940 ஜூனில் விழுந்தது.

அப்புறம் வரைபடத்தைப் பாருங்கள். மேற்கில் இத்தாலி, அல்பேனியாவும் அதன் கையில். வடக்கில் ஆஸ்திரியா 1938லேயே ஜெர்மனியின் பகுதி. 1940 நவம்பரில் ஹங்கேரியும் ருமேனியாவும் ஹிட்லரின் முத்தரப்பு ஒப்பந்தத்தில் (ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் போட்ட கூட்டணி) சேர்ந்தன. 1941 மார்ச் 1இல் பல்கேரியா. மிச்சம் இருந்த வாசல் கிரீஸ் ஒன்றுதான். அங்கே இத்தாலியோடு சண்டை நடந்துகொண்டிருந்தது, ஜெர்மானியப் படையும் அதே திசையில் இறங்கிக்கொண்டிருந்தது.

சர்ச்சில் இவருடைய நிலையை ஒரு வரியில் சொன்னார்: புலியோடு ஒரே கூண்டில் மாட்டிக்கொண்ட பாவப்பட்ட மனிதர், அதைச் சீண்டாமல் இருக்கப் பார்க்கிறார், சாப்பாட்டு நேரமோ நெருங்கிக்கொண்டே இருக்கிறது. உவமை அருமைதான். ஆனால் அதைச் சொன்னவர் கூண்டுக்கு வெளியே, நடுவில் ஒரு கடலை வைத்துக்கொண்டு நின்றார்.

ஹிட்லரை நேரில் சந்தித்தாரா?

இரண்டு முறை முக்கியமானது. 1939 ஜூனில் பெர்லினுக்கு அரசு முறைப் பயணம். விருந்து, இசை, கூடவே மணிக்கணக்காக ராணுவ அணிவகுப்பு. விருந்தாளியைக் கௌரவிக்கவும் செய்யலாம், மிரட்டவும் செய்யலாம் என்ற ஏற்பாடு.

இரண்டாவது, 1941 மார்ச் 4இல், பெர்க்டெஸ்காடனில் ஹிட்லரின் மலை மாளிகையில், யாருக்கும் தெரியாமல். ஒப்பந்தத்தில் சேர்ந்தால் கிரேக்கத் துறைமுகமான சலோனிகா உங்களுக்கு என்றார் ஹிட்லர். பாவ்லே மசியவில்லை: என் மனைவி கிரேக்கப் பெண், என் மனச்சாய்வு பிரிட்டன் பக்கம் என்று சொல்லிப் பார்த்தார். நீங்கள் சொல்கிறபடி கையெழுத்துப் போட்டால் ஆறு மாதத்தில் நான் பதவியில் இருக்க மாட்டேன் என்றும் சொன்னார். கணக்கு கொஞ்சம் தப்பியது. ஆறு மாதம் அல்ல, 23 நாள்.

ஒப்பந்தத்தில் என்னதான் இருந்தது? நாட்டை எழுதிக் கொடுத்துவிட்டாரா?

1941 மார்ச் 25, வியன்னாவின் பெல்வெதேரே அரண்மனை. கையெழுத்துப் போட்டது பாவ்லே அல்ல. பிரதமர் ஸ்வெத்கோவிச்சும் வெளியுறவு அமைச்சர் சின்சார்-மார்க்கோவிச்சும். முகங்கள் எப்படி இருந்தன என்றால், இழவு வீடு மாதிரி இருந்தது என்று ஹிட்லரே சொன்னாராம்.

ஆனால் வாசகங்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். யூகோஸ்லாவியாவின் இறையாண்மையும் எல்லையும் மதிக்கப்படும். அதன் வழியாக ஜெர்மானியப் படைகள் போகக் கேட்க மாட்டோம் என்று ஜெர்மனி எழுதிக் கொடுத்தது. ராணுவ உதவியும் கேட்க மாட்டோம் என்றது இன்னொரு குறிப்பு. இதை வெளியிடக் கூடாது என்பது பேச்சு. ஹங்கேரிக்கும் ருமேனியாவுக்கும் கிடைக்காத சலுகைகள். ஹிட்லர் வாக்கைக் காப்பாற்றியிருப்பாரா என்பது வேறு கதை. எனக்கு நம்பிக்கை இல்லை.

இந்த முடிவுக்கு வருவதற்கு முன் அரசவை ஆலோசனைக் கூட்டத்தில் போர் அமைச்சர் பெஷிச் கணக்குச் சொன்னார். வடக்கு முழுக்கச் சீக்கிரம் விழுந்துவிடும், பெல்கிரேடு, ஸாக்ரெப், லியுப்லியானா மூன்றும் போய்விடும். மலைகளுக்குப் பின்வாங்கினால் ஆறு வாரம் தாக்குப்பிடிக்கலாம். பிரிட்டனோ 'சண்டை போடுங்கள்' என்றது, தளவாடம் தர இல்லை. அமெரிக்கத் தூதர் லேன் வந்து மானம், மரியாதை பற்றிப் பேசியபோது பாவ்லே நொந்துபோய்ச் சொன்ன பதில் லேனின் அறிக்கையில் இருக்கிறது: எங்கள் மானத்தைப் பற்றிப் பெரிய நாடுகள் நீங்கள் பேசுகிறீர்கள், ஆனால் நீங்கள் ரொம்ப தூரத்தில் இருக்கிறீர்கள்.

மார்ச் 27 அன்று என்ன நடந்தது?

26ஆம் தேதி சாயங்காலம், களைத்துப்போன பாவ்லே ஸ்லோவேனியாவில் உள்ள பிர்தோ மாளிகைக்கு ரயில் ஏறினார். ஓல்காவும் பிள்ளைகளும் பெல்கிரேடில். நள்ளிரவு தாண்டியதும் விமானப்படை அதிகாரி போரிவோயே மிர்கோவிச் திட்டப்படி டாங்கிகள் நகர்ந்தன. தலைவராக முன்னிறுத்தப்பட்டவர் ஜெனரல் துஷான் சிமோவிச். கிட்டத்தட்ட ரத்தம் சிந்தாத கவிழ்ப்பு.

காலையில் வானொலியில் இளம் மன்னரின் குரல்: ஆட்சிப் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். அரண்மனையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பீட்டரும் ஒருவர். அவர் பேசவே இல்லை! குரல் ஒத்துப்போகும் ஒரு கடற்படை இளம் அதிகாரியை வைத்துப் பேசவைத்திருந்தார்கள். 17 வயதுப் பையன், தான் அரசனான செய்தியை யாரோ ஒருவர் தன் குரலில் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்கிறான்.

வீதியில் மக்கள் வெள்ளம். 'ஒப்பந்தத்தைவிடப் போர் மேல், அடிமையாவதைவிடப் புதைகுழி மேல்' என்ற கோஷம் செர்பிய மொழியில் எதுகையோடு ஒலிக்கும்: 'போல்யே ராத் நேகோ பாக்த், போல்யே க்ரோப் நேகோ ரோப்'. யூகோஸ்லாவிய மக்கள் தங்கள் ஆன்மாவைக் கண்டெடுத்தார்கள் என்று லண்டனில் சர்ச்சில் அறிவித்தார்.

பாவ்லேவின் ரயில் ஸாக்ரெபில் நின்றது. மாச்செக் வந்து பார்த்தார். இங்கே இருக்கும் படைகளைத் திரட்டித் திருப்பி அடிக்கலாம் என்றார். பாவ்லே மறுத்துவிட்டார். மனைவி மக்கள் கவிழ்ப்பாளர்கள் பிடியில். செர்பியரும் குரோவேஷியரும் சுட்டுக்கொள்வதற்குத் தான் காரணமாக இருக்கவும் அவர் விரும்பவில்லை. பெல்கிரேடு திரும்பினார். ஸ்டேஷனில் சிமோவிச் காத்திருந்தார். மற்ற இரண்டு ரீஜென்ட்களோடு சேர்ந்து விலகல் பத்திரத்தில் கையெழுத்து. அன்று ராத்திரியே குடும்பத்தோடு கிரீஸுக்கு ரயில். சாவியை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு இன்னும் ஐந்து மாதமும் சில நாள்களும் இருந்தன.

புதிய அரசு ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டதா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் சிமோவிச் அரசும் அதே நிலைமையைத்தான் எதிர்கொண்டது. மூன்று நாள் கழித்து, போட்ட ஒப்பந்தங்களை மதிப்போம் என்று ஜெர்மனிக்குத் தெரிவித்தார்கள். யாரை அதற்காகத் துரத்தினார்களோ, அவர் போட்ட ஒப்பந்தத்தையே!

ஹிட்லர் காது கொடுக்கவில்லை. 27ஆம் தேதியே யூகோஸ்லாவியாவை நொறுக்க உத்தரவு போட்டாயிற்று. ஏப்ரல் 6 ஞாயிற்றுக்கிழமை காலை பெல்கிரேடு மீது குண்டு மழை. ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தார்கள். கொசாஞ்சிச் வீதியில் இருந்த தேசிய நூலகம் இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளோடு எரிந்து சாம்பலானது. ஏப்ரல் 17இல் ராணுவம் சரண். பெஷிச் சொன்ன ஆறு வாரம்கூட இல்லை, பதினோரு நாள்.

கவிழ்ப்பால் ரஷ்யா மீதான ஹிட்லரின் படையெடுப்பு தள்ளிப்போய், மாஸ்கோ தப்பியது என்கிறார்களே?

மே 15க்குள் தயாராக இருக்கத் திட்டம், நடந்தது ஜூன் 22. நடுவில் பால்கன் சண்டை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வசந்தத்தில் மழை அதிகம், ஆறுகள் கரைபுரண்டு கிடந்தன, எப்படியும் தாமதம்தான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள் பலர். நானும் அந்தப் பக்கம்தான்.

பாவ்லே பிறகு எங்கே போனார்?

கிரீஸ், கெய்ரோ, அங்கிருந்து கென்யா. பிரிட்டிஷ் அரசு அவரை அரசியல் கைதியாக நைவாஷா ஏரிக்கரையில் ஒரு வீட்டில் வைத்தது. ஓசேரியன் என்ற அந்த வீடு எரால் பிரபுவுடையது. அவர் அதே ஆண்டு ஜனவரியில் நைரோபி அருகே காருக்குள் சுடப்பட்டுக் கிடந்தார், கொலையாளி யார் என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்களும் விருந்துகளுமாக வாழ்ந்தவர், கொலையுண்டவரின் வீட்டில், கடிதங்களுக்குக்கூடத் தணிக்கையோடு உட்கார்ந்திருந்தார். 1942 ஆகஸ்டில் கென்ட் கோமகன் விமான விபத்தில் இறந்தபோது, தங்கையைத் தேற்ற ஓல்காவுக்கு மட்டும் லண்டன் போக அனுமதி கிடைத்தது.

1943இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க். போர் முடிந்ததும் டிட்டோவின் கம்யூனிஸ்ட் அரசு அவரைப் போர்க் குற்றவாளி என்று அறிவித்துச் சொத்தைப் பறிமுதல் செய்தது. கடைசிக் காலம் பாரிஸில். 1954இல் இளைய மகன் நிகோலா இங்கிலாந்தில் கார் விபத்தில் போனார். பாவ்லே 1976இல் இறந்து சுவிட்சர்லாந்தின் லோசானில் அடக்கமானார்.

சரி, அவர் துரோகியா இல்லையா?

துரோகி என்று நான் சொல்ல மாட்டேன். செர்பிய நீதிமன்றமும் 2011இல் அந்தப் பழியை நீக்கிவிட்டது. ஆனால் நல்லவர் பாவம் என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. 1940 அக்டோபரில், அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், யூதர்கள் உணவு வியாபாரம் செய்யவும் கல்விக்கூடங்களில் சேரவும் கட்டுப்பாடு போட்ட இரண்டு ஆணைகள் வந்தன. ஜெர்மனியைக் குளிர்விக்கப் போட்டது என்றாலும் கறை கறைதான்.

அவருடைய பெரிய தப்பு வேறு இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எல்லாவற்றையும் மூடிய கதவுக்குள் செய்தார். பெஷிச் சொன்ன கணக்கு தெருவில் கோஷம் போட்டவர்கள் யாருக்கும் தெரியாது. வீட்டைக் கெடாமல் ஒப்படைப்பதிலேயே குறியாக இருந்தவர், வீட்டில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெல்கிரேடு போனால் அவர் சம்பந்தமாகப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. குடியரசுச் சதுக்கத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1930களில் பாவ்லே தன் பெயரில் நடத்திய அருங்காட்சியகத்தின் ஓவியங்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. அதை அவர் திறந்துவைத்த 'புதிய அரண்மனை' இப்போது செர்பிய அதிபரின் அலுவலகம். அவர் குடும்பம் வாழ்ந்த வெள்ளை மாளிகை தெதின்யே குன்றில் இருக்கிறது.

நேரம் இருந்தால் தொபோலா ஊரில் உள்ள ஓப்லெனாட்ஸ் தேவாலயம்வரை போய்வரலாம். உள்ளே சுவர் முழுக்கக் கண்ணாடிச் சில்லு ஓவியம். கீழ்த்தளத்தில் அரச குடும்பத்துக் கல்லறைகள். 2012 அக்டோபரில் பாவ்லே, ஓல்கா, நிகோலா மூவரையும் லோசானிலிருந்து கொண்டுவந்து அங்கே புதைத்தார்கள். 1970இல் அமெரிக்காவில் இறந்த பீட்டரையும் அடுத்த ஆண்டு ஜனவரியில் கொண்டுவந்து, மே மாதம் அங்கே புதைத்தார்கள். 1941 ஏப்ரலில் நாட்டைவிட்டுப் போன அந்தப் பையன் திரும்பி வந்தது அந்த ஆண்டில்தான்.